முதுகு கொடுத்த மதில்

 

கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்முன்னே என்ன வருகிறது? செஞ்சி மலை வருகிறது. வேலூர் அகழி வருகிறது. திருமயத்தின் பாறை வருகிறது. வானத்தைப் பார்த்தபடி, வெயிலிலும் மழையிலும் நிற்கின்ற கோட்டைகள் அவை.

இன்று நான் உங்களை அழைத்துச் செல்லும் கோட்டை மதில் மலைமேல் இல்லை. அகழிக்கு நடுவிலும் இல்லை. அதில் ஒரு துண்டு, தரைக்கு அடியில் கார்கள் நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. ஒரு துண்டு, மாணவர்கள் தங்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் இருக்கிறது. இன்னொரு துண்டு, ஓர் ஓட்டலின் பின்கட்டில் இருக்கிறது. லண்டன் மாநகரின் பழைய ரோமானிய மதிலைச் சொல்கிறேன். அதற்கு வயது ஏறத்தாழ 1,800. இன்றைய கட்டடங்களின் வயிற்றுக்குள் அது இன்னும் நிற்கிறது.

இன்றைய பேச்சுக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த மதிலைக் காத்தது யார்? மன்னர்களா? படைகளா? சட்டமா? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு வாருங்கள். விடையை நாம் சேர்ந்தே கண்டுபிடிப்போம்.

முதலில், மதில் எப்படி எழுந்தது?

லண்டனை ஊராக்கியவர்கள் ரோமானியர்கள். தேம்ஸ் ஆற்றங்கரையில் அவர்கள் உருவாக்கிய ஊருக்கு லண்டினியம் என்று பெயர். கி.பி. 60, 61 வாக்கில் பூடிக்கா என்ற அரசி கிளர்ந்தெழுந்து படையோடு வந்தபோது, அந்த ஊரைச் சுற்றி இப்போது நாம் பேசும் மதில் இல்லை. ஊர் எரிந்தது. மண்ணைத் தோண்டினால் அந்த நெருப்பின் சிவந்த அடுக்கு இன்றும் தென்படுகிறது. எரிந்த ஊர் மீண்டும் எழுந்தது, செழித்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டு கழித்துத்தான், கி.பி. 190-க்கும் 225-க்கும் இடைப்பட்ட காலத்தில், மதில் வந்தது.

அந்தக் காலக் கணக்கை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? மதிலை ஒட்டிய மண்ணில் கிடைத்த காசுகளை வைத்துச் சொல்கிறார்கள். மதில் எழுவதற்கு முந்திய மண்ணில் கி.பி. 180-களில் அடித்த காசு கிடைத்தது. மதிலின் உட்புறக் காவல் கோபுரம் ஒன்றில் கள்ளக்காசு வார்க்கும் அச்சுகள் கிடைத்தன. யாரோ ஒருவன் படிக்கட்டுப் பக்கம் ஒளிந்து கள்ளக்காசு அடித்திருக்கிறான். அல்லது அகப்பட்டுக்கொள்ளாமல் இருக்க அச்சுகளை அங்கே வீசியிருக்கிறான். அவன் போட்டுவிட்டுப் போன குப்பைதான் இன்று நமக்கு மதிலின் பிறந்த நாளைச் சொல்லும் சாட்சி.

கல் எங்கிருந்து வந்தது? லண்டன் மண்ணில் நல்ல கட்டுமானக் கல் கிடையாது. கென்ட் பகுதியில், மெய்ட்ஸ்டன் பக்கத்துக் குவாரிகளிலிருந்து கல் வந்தது. மெட்வே ஆற்றில் இறங்கி, தேம்ஸ் ஆற்றில் ஏறி, நீர்வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல் படகில் வந்தது. 1962-இல் பிளாக்ஃபிரையர்ஸ் என்ற இடத்தில் ஆற்றுப் படுகையில் ஒரு ரோமானியக் கப்பல் கிடைத்தது. உள்ளே என்ன இருந்தது? அதே கென்ட் கல். இறக்கும் முன்னே மூழ்கிவிட்ட ஒரு நடைச் சரக்கு.

அந்தக் கல்லைக் கொண்டு எப்படிக் கட்டினார்கள்? இரண்டு பக்கமும் செதுக்கிய கல். நடுவே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சில வரிசைக்கு ஒருமுறை, சுட்ட செம்மண் ஓடுகளைத் தட்டையாகப் பரப்பி ஒரு பட்டை. அந்தச் செம்பட்டைதான் மதிலை இழுத்துக் கட்டும் அரைஞாண். அடிப்பக்கத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். உயரம் ஆறு மீட்டர் அளவு. வெளியே அகழி. ஆற்றோரம் நீங்கலாக, நிலப்பக்கம் மட்டும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம்.

அப்படிக் கட்டினார்கள். கட்டியவர்கள் இருந்தார்களா? கி.பி. 410 வாக்கில் ரோமானியர் ஆட்சி பிரிட்டனை விட்டு நீங்கியது. ஊர் பாழடைந்தது. கட்டியவர்கள் போனார்கள். மதில் நின்றது.

886-இல் ஆல்ஃபிரட் மன்னர் லண்டனை மீட்டுக் குடியேற்றியபோது புது மதில் எழுப்பவில்லை. பழைய மதிலுக்குள்ளேயே ஊரை அமைத்தார். ஆல்ஃபிரட் போனார். மதில் நின்றது.

1477-இல் ரால்ஃப் ஜோஸ்லின் என்ற மேயர் மதிலைப் பழுது பார்த்தார். ரோமானியக் கல்லின் மேல் இடைக்காலக் கல். அதன் மேல் செங்கல் ஞாயில்கள். செயின்ட் ஆல்ஃபேஜ் என்ற இடத்தில் அந்தச் செங்கல் வேலையை இன்றும் பார்க்கலாம். ஜோஸ்லினும் போனார். மதில் நின்றது.

அடுத்து நான் சொல்லப்போவது ஒரு கல்லறையின் கதை. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் கேள்விக்கான விடையின் முதல் கீற்று இதில்தான் இருக்கிறது.

பூடிக்காவின் கிளர்ச்சி அடங்கிய பிறகு, ரோமானியத் தளபதி பழிவாங்கும் வெறியோடு இருந்தார். அப்போது வரி நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி கிளாசிசியானஸ். பழிவாங்கிக்கொண்டே போனால் நாடு அமைதி அடையாது என்று தலைநகருக்கு எழுதியவர். வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அவரைக் குறிப்பிடுகிறார். அந்த மனிதர் லண்டனிலேயே இறந்தார். மனைவி ஜூலியா பகாட்டா அவருக்கு ஒரு கல்லறை எழுப்பினார்.

முந்நூறு ஆண்டுகள் உருண்டன. நான்காம் நூற்றாண்டில் மதிலின் கிழக்குப் பக்கத்தில் அவசரமாகக் கொத்தளங்கள் கட்டினார்கள். கல்லுக்கு எங்கே போவது? பழைய சுடுகாட்டுக் கற்களைப் பெயர்த்தார்கள். கிளாசிசியானஸின் கல்லறையும் பெயர்ந்தது. கொத்தளத்தின் அடித்தளத்துக்குள் போனது. 1852-இல் ஒரு பகுதி வெளிப்பட்டது. 1935-இல் பக்கத்திலேயே தோண்டியபோது இன்னொரு பகுதி வெளிப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள். பெயர் தெரிந்தது. மனைவியின் பெயரும் தெரிந்தது. இன்று அந்தக் கல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அன்பர்களே, அந்தக் கல்லறை சுடுகாட்டிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? எவன் வீட்டு வாசற்படியாகவோ தேய்ந்து போயிருக்கும். சுண்ணாம்புச் சூளையில் வெந்து நீறாகியிருக்கும். மதில் அதைப் பயன்படுத்திக்கொண்டது. பயன்படுத்திக்கொண்டதால் காத்தது. இந்த ஒரு வரியை மனத்தில் வையுங்கள்: பயன்படுத்தியதே காத்தது.

இப்போது 18-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். ஊர் பெருத்துவிட்டது. வண்டிகள் பெருகிவிட்டன. மதிலின் வாசல்கள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள். 1760-களின் தொடக்கத்தில் ஆல்ட்கேட், பிஷப்ஸ்கேட், கிரிப்பிள்கேட், லட்கேட் வாசல்களை இடித்தார்கள். இடித்த கல்லை விற்றார்கள். பெயர்கள் மட்டும் தெருக்களிலும் ரயில் நிலையங்களிலும் ஒட்டிக்கொண்டன. இன்று ஆல்ட்கேட் நிலையத்தில் இறங்குகிறவர் எந்த வாசலையும் காண முடியாது. பெயர்தான் வாசல்.

வாசல்கள் போன பிறகு மதில் மட்டும் எப்படித் தப்பியது? அது தடுத்து நிறுத்த ஒரு பகைவனும் வரவில்லையே! ஒரு காவலனும் நிற்கவில்லையே! காக்க ஒரு சட்டமும் இல்லையே! யார் காத்தார்?

இதோ விடை வருகிறது. மதிலை ஒட்டி வீடு கட்ட வந்தவர் ஒரு கணக்குப் போட்டார். மூன்று பக்கம் சுவர் எழுப்பினால் போதும். நாலாவது சுவர் இங்கே தயாராக நிற்கிறது, அதுவும் இரண்டு மீட்டர் கனத்தில் நிற்கிறது. இதை ஏன் இடிக்க வேண்டும்? கிடங்கு கட்டினார்கள்; மதில் பின்சுவரானது. பட்டறை கட்டினார்கள், மதில் பின்சுவரானது. மாதா கோயில் கட்டினார்கள். மதில் கல்லறைத் தோட்டத்தின் எல்லைச் சுவரானது. பகைவனுக்கு முதுகு காட்டாமல் நிற்கவே எழுப்பிய மதில், குடியிருக்க வந்தவனுக்கு முதுகு கொடுத்தது. முதுகு கொடுத்ததால் பிழைத்தது. சாய்ந்துகொண்டவர்களே அதைக் காத்தவர்கள்!

கூப்பர்ஸ் ரோ என்ற தெருவில் இன்று ஓர் ஓட்டல் இருக்கிறது. அதன் பின்கட்டில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு மதில் நிற்கிறது. கீழே ரோமானியர் வேலை. மேலே இடைக்காலத்து வேலை. வில்லாளி நின்று அம்பு விட்ட துளைகள்கூட இருக்கின்றன. எப்படி இவ்வளவு உயரம் தப்பியது? அங்கே ஒரு கிடங்கு இருந்தது. மதில் அந்தக் கிடங்குக்குச் சுவராக இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

அடுத்து வந்தது நெருப்பு. 1940 டிசம்பர் 29. இரண்டாம் உலகப் போர். ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் எரிகுண்டுகளைக் கொட்டிய இரவு. கிரிப்பிள்கேட் பகுதி முழுவதும் எரிந்து தரைமட்டமானது. மதிலில் சாய்ந்து நின்ற கிடங்குகள் விழுந்தன. சாய்ந்தவர்கள் எல்லோரும் விழுந்த இடத்தில், அவர்களுக்கு முதுகு கொடுத்த மதில் வெளியே தெரிந்தது. புகைக்கு நடுவே, சாம்பலுக்கு நடுவே, நூற்றாண்டுகளாக ஒளிந்திருந்த மதில் வெளிச்சத்துக்கு வந்தது.

போர் முடிந்தது. டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் என்ற தொல்லியலாளர் அந்த இடிபாடுகளுக்குள் இறங்கினார். அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. நோபிள் தெருவில் ஒரு சுவர் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றையொன்று ஒட்டியபடி இரண்டு சுவர்கள் இருந்தன. ஏன் இரட்டைச் சுவர்? மேலும், லண்டன் மதில் அந்த மூலையில் மட்டும் ஏன் அப்படி வளைந்து திரும்புகிறது? கிரைம்ஸ் விடை கண்டார். மதில் எழுவதற்கு முன்பே, கி.பி. 120 வாக்கில், அங்கே ஒரு ரோமானியப் படைக் கோட்டை இருந்திருக்கிறது. பின்னால் ஊர் மதில் கட்டியவர்கள் அந்தக் கோட்டையின் சுவரை இடிக்கவில்லை. அதன் மேலேயே சாய்ந்துகொண்டார்கள். கனம் போதாத இடத்தில் உட்புறம் இன்னொரு சுவரை ஒட்டவைத்தார்கள். பாருங்கள், மதிலே தன் பிறப்பில் பழைய சுவருக்குக் கடன்பட்டிருக்கிறது! சாய்ந்து பிறந்த மதில். பின்னாளில் எல்லோரையும் சாயவிட்ட மதில்.

இதுவரை இனித்தது. இனி கசப்பையும் சொல்லத்தான் வேண்டும்.

1957-இல் அந்தப் பகுதியில் அகலச் சாலை போட்டார்கள். சாலைக்கு அடியில் கார் நிறுத்துமிடம் தோண்டினார்கள். மதில் நெடுக வெளிப்பட்டது. என்ன ஆனது? பெரும்பகுதி போய்விட்டது. 11 மீட்டர் அளவு ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. இன்று அங்கே போனால், 52, 53 என்று எண் போட்ட கார் இடங்களுக்குப் பக்கத்தில் அது நிற்கிறது. மேலே கான்கிரீட் கூரை. பக்கத்தில் கார்கள். குழல்விளக்கு வெளிச்சம். செம்பட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன. வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கிறவர் திடீரென்று அதைக் கண்டு நின்றுவிடுகிறார். காத்தது குறைவு, இழந்தது அதிகம். ஆனால் அந்தக் குறைவாவது நிற்கிறது என்றால், அன்று அங்கே யாரோ ஒருவர், “இந்தத் துண்டையாவது விடுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு என்ன என்று எண்ணிப் பாருங்கள்!

இப்போது வைன் தெருவுக்கு வாருங்கள். என் பேச்சின் மையம் இதுதான்.

ஆல்ட்கேட் பக்கத்தில் 1905-இல் ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டினார்கள். மதில் தட்டுப்பட்டது. அதை உடைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், நிலவறைக்குள்ளேயே நிற்கவிட்டார்கள். கட்டடத்துக்கு ‘ரோமன் வால் ஹவுஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். 1979-இல் தொடங்கிய அகழாய்வில் அங்கே ஒரு கொத்தளத்தின் அடித்தளமும் வெளிப்பட்டது. பிறகு அந்த இடத்தில் இன்னும் பெரிய புதுக் கட்டடம் வந்தது. மாணவர்கள் தங்கும் அறைகள், அலுவலகங்கள். அப்போதும் மதிலை விடவில்லை. கட்டடத்தின் அடியில் அதற்கென்றே உயரமான ஒரு கூடம் அமைத்தார்கள். தெருவில் போகிறவரும் கண்ணாடி வழியே குனிந்து பார்க்கலாம். 2023 முதல் பொதுமக்கள் உள்ளேயே போய்ப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது.

அந்தக் கூடத்தில் ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. ஒரு செம்மண் ஓடு. அதில் ஒரு விலங்கின் காலடித் தடம். நம் ஊர்ச் செங்கல் சூளைப் பக்கம் போயிருக்கிறீர்களா? அறுத்த பச்சைச் செங்கல்லை வெயிலில் பரப்பியிருப்பார்கள். நாய் ஒன்று அதன்மேல் ஓடிப் போகும். தடம் பதிந்துவிடும். சூளையில் வெந்ததும் தடம் நிரந்தரமாகிவிடும். அதே கதைதான் அங்கேயும்! ரோமானியப் பேரரசர்களின் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவன் மறந்துவிடலாம். அந்தக் காலடியைப் பார்த்த குழந்தை மறக்காது. ஏட்டிலே படிக்கும் வரலாறு தொலைவில் இருக்கிறது. ஓட்டிலே பதிந்த தடம் தொடும் தூரத்தில் இருக்கிறது.

காலையில் மாணவன் மாடியிலிருந்து இறங்கி வகுப்புக்குப் போகிறான். அவன் படுக்கும் அறைக்குக் கீழே, அவன் நடக்கும் தளத்துக்குக் கீழே, 1,800 ஆண்டுகள் நிற்கின்றன. மாடிகள் வாடகை தருகின்றன. நிலவறை அறிவு தருகிறது. எதற்கு எது பகை? சொல்லுங்கள்! கட்டுவதும் காப்பதும் பகை என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

இந்த மனப்பான்மை அங்கே தானாக வந்துவிடவில்லை. போராடித்தான் வந்தது. 1989-இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் ஓர் அலுவலகக் கட்டடம் எழ இருந்த இடத்தில், 1587-இல் கட்டிய ‘ரோஸ்’ நாடக அரங்கின் அடித்தளம் கிடைத்தது. வேலையைத் தொடர்ந்தால் அழியும் நிலை. நடிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். மாணவர்கள் வந்தார்கள். பொதுமக்கள் வந்தார்கள். கட்டடத்தின் வரைபடத்தையே மாற்ற வைத்தார்கள். அரங்கின் எச்சம் அடியில் இருக்க, கட்டடம் அதற்கு மேலே எழுந்தது. அடுத்த ஆண்டே, 1990-இல், இங்கிலாந்தில் அரசின் வழிகாட்டுதல் வந்தது. தொல்லெச்சம் உள்ள நிலத்தில் கட்ட வருகிறவர், கட்டும் முன்பே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற நடைமுறை வலுப்பெற்றது. தோண்டிய பிறகு அழுவதற்குப் பதிலாக, வரைபடம் போடும்போதே யோசிக்கும் வழக்கம் அப்படித்தான் வேர்விட்டது.

அன்பர்களே! “லண்டன் கதை நமக்கு எதற்கு?” என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கேளுங்கள், சொல்கிறேன்.

அந்த ரோமானிய மதில் சூழ்ந்த பழைய நகருக்குள், லெடன்ஹால் தெருவில், ஒரு மாளிகை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம். லண்டன் தன் மதில் வாசல்களை இடித்து விற்ற அதே 1760-களில், அந்த மதிலுக்குள் இருந்த கம்பெனிக்கு வேறொரு கவலை. சென்னையைப் பற்றிய கவலை. 1758, 59-இல் பிரெஞ்சுப் படை வந்து முற்றுகையிட்டுப் போயிருந்தது. 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப் படை சென்னையின் எல்லைவரை வந்துவிட்டது. உடனே, கோட்டைக்கு வடக்கே இருந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்ட். 1772-க்குள் மதில் எழுந்தது. லண்டனில் வாசல் விழுந்தது. சென்னையில் மதில் எழுந்தது!

செலவை ஈடுகட்டக் குடிமக்கள்மேல் மதில் வரி போட நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. எந்தப் பெயர்? சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் நாம் தினமும் போய்வரும் வால்டாக்ஸ் சாலை! அதே மதிலின் ஒரு வாசலின் பெயர் என்ன? யானைகவுனி! கவுனி என்றால் கோட்டை வாசல். ஆல்ட்கேட்டில் வாசல் இல்லை, பெயர் இருக்கிறது. யானைகவுனியில் கவுனி இல்லை, பெயர் இருக்கிறது. அந்த மதிலில் மிஞ்சிய ஒரு பகுதியின்மேல் வடசென்னையில் ஒரு பூங்கா இருக்கிறது. மாடிப் பூங்கா என்று மக்கள் அழைக்கிறார்கள். பூங்கா எப்படி மாடி ஏறியது என்று யாராவது குழந்தைக்குச் சொன்னோமா? அது மதிலின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னோமா?

பாருங்கள், இங்கேயும் அதே விதிதான். பூங்காவாகப் பயன்பட்டது, பிழைத்தது. பயன்படாத பகுதிகள் போய்விட்டன.

எனவே, நாம் தொடங்கிய கேள்விக்கு வருகிறேன். மதிலைக் காத்தது யார்? மன்னர்கள் கொஞ்சம் காத்தார்கள். சட்டம் கடைசியில் வந்து காத்தது. ஆனால் நெடுங்காலம் காத்தவர்கள், அதன் பக்கத்தில் வாழ்ந்த சாதாரண மக்கள். அதைத் தங்கள் வீட்டுச் சுவராக நினைத்தவர்கள். அவர்களுக்கு அது வரலாறு என்று தெரியாது. எங்கள் சுவர் என்று மட்டும் தெரியும். வரலாறு என்று சொல்லிக் கண்ணாடிக்குள் வைப்பதற்கு முன்னே, எங்களுடையது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். வீடு கட்ட, கடை கட்ட, அடுக்குமாடி கட்ட நிலம் தோண்டும்போது பழஞ்சுவர் தட்டுப்பட்டால், கடப்பாரையை ஒரு நாள் நிறுத்துங்கள். தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கட்டடக் கலைஞர்களே, வரைபடம் போடும்போது அந்தச் சுவருக்கும் ஓர் இடம் விடுங்கள். ஒரு கண்ணாடிச் சன்னல் வையுங்கள். தெருவில் போகிற குழந்தை குனிந்து பார்க்கட்டும். ஆசிரியப் பெருமக்களே, வரும் மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகளை யானைகவுனிக்கு அழைத்துப் போங்கள். அங்கிருந்து வால்டாக்ஸ் சாலை வழியாக நடத்திச் சென்று, மாடிப் பூங்காவின் படிகளில் ஏற்றுங்கள். ஏறியதும் அவர்களிடம் சொல்லுங்கள்: “நீங்கள் நிற்பது உங்கள் ஊரின் மதில்.”